செப்சிஸ்: தொற்று உறுப்புகளைச் சாய்க்கும்போது

கிருமித்தொற்றை எதிர்க்கக் கிளம்பும் உடலின் தற்காப்பு, கட்டுமீறிப்போய்ச் சொந்த உறுப்புகளையே கெடுக்கத் தொடங்கும் நிலைதான் செப்சிஸ். நிமோனியா, சிறுநீர்ப் பாதைத் தொற்று, வெடித்த குடல்வால், சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாத புண், பிரசவத்துக்குப் பின் கருப்பையில் ஏறும் தொற்று என எதிலிருந்தும் அது தொடங்கலாம். பெரும்பாலும் பாக்டீரியா காரணம். வைரஸாலும் பூஞ்சையாலும் மலேரியா ஒட்டுண்ணியாலும் வருவதுண்டு. 'ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது' என்று உறவினர்களிடம் சொல்லப்படுவது பெரும்பாலும் இதைத்தான். ஆனால் ரத்தத்தில் கிருமி தென்பட்டே ஆகவேண்டும் என்பதில்லை. பிளட் கல்ச்சரில் எதுவும் வளராமலே செப்சிஸில் விழுந்த நோயாளிகள் ஏராளம்.

2017ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 4 கோடியே 89 லட்சம் பேருக்கு செப்சிஸ் வந்தது என்றும், 1 கோடியே 10 லட்சம் பேர் அதனால் இறந்தனர் என்றும் 2020இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அந்த ஆண்டு உலகில் நேர்ந்த மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அது. இந்தியாவில் மட்டும் சுமார் 29 லட்சம் பேர். மரணச் சான்றிதழில் நிமோனியா என்றோ சிறுநீரகச் செயலிழப்பு என்றோ புற்றுநோய் என்றோ எழுதப்படுவதால், இத்தனை பெரிய எண்ணிக்கை மக்கள் கண்ணில் படுவதில்லை.

மழைக்குப் பின் வரும் காய்ச்சல்

கொச்சியின் கலூர் ஆஸ்பத்திரிகளுக்குப் பேர்போன வட்டாரம். 1956இல் தொடங்கிய லிஸி மருத்துவமனை இங்கேதான் இருக்கிறது. எர்ணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரி, இடப்பள்ளியில் 1998இல் திறக்கப்பட்ட அமிர்தா மருத்துவமனை, களமசேரி அரசு மருத்துவக் கல்லூரி எல்லாம் சில கிலோமீட்டர் தொலைவுக்குள். அதே கலூர் வழியாகத்தான் தேவரா–பேரண்டூர் கால்வாயும் போகிறது. தென்மேற்குப் பருவமழை வலுத்தால் கால்வாய் நிரம்பிச் சாக்கடை நீர் தெருவுக்கு ஏறும். அந்த நீரில் எலியின் சிறுநீரும் கலந்திருக்கும்.

எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா என்ற சுருள் பாக்டீரியா அப்படித்தான் மனிதரிடம் வந்துசேர்கிறது. காலில் உள்ள சிறு வெட்டு, நீரில் ஊறிய தோல், கண், வாய் எதன் வழியாகவும் அது உள்ளே நுழையும். பொதுவாக 5 முதல் 14 நாளில் காய்ச்சல், தலைவலி, தாங்கமுடியாத கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவை தெரியும். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் தணிந்துவிடும். சிலருக்கு மட்டும் மஞ்சள் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரலில் ரத்தக்கசிவு என்று அடுத்தடுத்து ஏறும். செப்சிஸ் என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரியாறு பொங்கி ஆலுவாவும் பறவூரும் மூழ்கின. கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையம் ஆகஸ்ட் 15 முதல் 29 வரை மூடிக் கிடந்தது. நீர் வடிந்து, மக்கள் வீடுகளைக் கழுவத் தொடங்கிய நாட்களில்தான் எலிக்காய்ச்சல் கேரளம் முழுவதும் கூடியது. வெள்ளநீரில் இறங்கியவர்களுக்கும் மீட்புப் பணியாளர்களுக்கும் வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுக்கச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்தது. மலிவான அந்த மாத்திரையைக் காய்ச்சல் வருமுன் எடுத்துக்கொண்டவரையும், காய்ச்சல் வந்தும் நாலைந்து நாள் கடை மருந்தில் ஓட்டியவரையும் பிரிப்பது பெரும்பாலும் ஐசியூ படுக்கைதான்.

உடலுக்குள் நடப்பது

கிருமியின் உடல் துண்டுகளை வெள்ளை அணுக்கள் அடையாளம் கண்டதும் சைட்டோகைன் என்ற வேதித் தூதுகளை வெளியிடுகின்றன. தொற்று ஓரிடத்தில் அடங்கியிருக்கும்வரை இது நல்லதே. புண்ணைச் சுற்றிச் சிவப்பதும் வீங்குவதும் அதனால்தான். செப்சிஸில் இந்தத் தூதுகள் உடல் முழுவதும் பரவுகின்றன. ரத்தக் குழாய்கள் ஒரேயடியாக விரிவதால் ரத்த அழுத்தம் சரிகிறது. குழாய்களின் உட்சுவர், ஓட்டை விழுந்த சொட்டுநீர்க் குழாய்போலக் கசியத் தொடங்குகிறது. எத்தனை பாட்டில் சலைன் ஏற்றினாலும் நீர் திசுக்களுக்குள் போய், கைகால் வீங்குகிறதே தவிர அழுத்தம் நிற்பதில்லை.

கூடவே நுண்குழாய்களில் பொடிப்பொடியாக ரத்தம் உறைகிறது. உறைவதிலேயே தட்டணுக்களும் உறைபொருள்களும் செலவாகிவிடுவதால், இன்னொரு பக்கம் ஊசி குத்திய இடத்திலிருந்து ரத்தம் நிற்காமல் கசியலாம். உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போகிறது. போகும் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்தும் திறனையும் செல்கள் இழக்கின்றன. ஆக்சிஜன் போதாத திசு லாக்டேட் என்ற அமிலத்தைக் கூடுதலாக உண்டாக்கும். அவசரப் பிரிவில் முதல் மணி நேரத்திலேயே லாக்டேட் அளவு பார்ப்பது இதற்காகத்தான்.

இந்தக் கொந்தளிப்புக்கு நேரெதிரான இன்னொரு மாற்றமும் நடக்கிறது. சில நாட்களில் தற்காப்பு அணுக்கள் களைத்துச் சாகின்றன. முதல் வாரத்தைத் தாண்டிய நோயாளியை இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வேறொரு கிருமியோ பூஞ்சையோ பிடித்துக்கொள்வது இதனால்தான். செப்சிஸ் மரணங்கள் இரண்டு அலைகளாக வருகின்றன: ரத்த அழுத்தம் சரிவதாலும் உறுப்புகள் சட்டென்று நிற்பதாலும் வருவது முதல் அலை, நீண்ட ஐசியூ வாசத்தில் மீண்டும் மீண்டும் தொற்றி, தேறாமலே போவது இரண்டாவது.

ஆறு உறுப்புகள், 24 மதிப்பெண்

உறுப்புகள் எவ்வளவு கெட்டிருக்கின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்ல, 1994இல் பாரிஸில் கூடிய ஐரோப்பியத் தீவிர சிகிச்சை மருத்துவர்கள் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தனர். ஜான் லூயி வின்சென்ட் குழுவினர் 1996இல் வெளியிட்ட அதன் பெயர் சோஃபா. நுரையீரல், ரத்த உறைவு, கல்லீரல், ரத்த ஓட்டம், மூளை, சிறுநீரகம் என ஆறு அமைப்புகளுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். 0 என்றால் பழுதில்லை. 4 என்றால் அந்த உறுப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது. மொத்தம் 24. தேர்வுக்கு நேர்மாறாக, இதில் மதிப்பெண் குறையக் குறைய நல்லது.

எலிக்காய்ச்சல் முற்றிய ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். சேர்ந்த அன்று தட்டணுக்கள் 80,000, அதற்கு 2. பிலிரூபின் 7, அதற்கு 3. கிரியாட்டினின் 3.8, அதற்கு 3. நுரையீரலின் ஆக்சிஜன் விகிதம் 250, அதற்கு 2. சராசரி ரத்த அழுத்தம் 64, அதற்கு 1. கேட்ட கேள்விக்குக் கொஞ்சம் குழறிப் பதில் சொல்கிறார். நினைவு மதிப்பு 15க்கு 14, அதற்கு 1. மொத்தம் 12. பென்சிலின், சலைன், ஆக்சிஜன், தேவைப்பட்டால் டயாலிசிஸ். நான்காம் நாள் தட்டணுக்கள் 1,20,000, கிரியாட்டினின் 2.4, ஆக்சிஜன் விகிதம் 320, ரத்த அழுத்தமும் நினைவும் சரி. பிலிரூபின் மட்டும் 8 ஆக ஏறியிருக்கிறது. மொத்தம் 7.

கண்ணும் தோலும் முன்னைவிட மஞ்சளாகத் தெரிவதால் வீட்டார் பயந்துபோவார்கள். மருத்துவர் பயப்படமாட்டார். எலிக்காய்ச்சலில் காமாலை மெதுவாகத்தான் இறங்கும். மற்ற ஐந்தும் எந்தப் பக்கம் போகின்றன என்பதே முக்கியம். 12 என்ற முதல்நாள் எண்ணைவிட, 12 எப்படி 7 ஆனது என்பது கூடுதலான செய்தியைச் சொல்கிறது.

இதை முறையாக நிறுவியவர்கள் பிரஸ்ஸல்ஸில் 352 ஐசியூ நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஃபெரேரா குழுவினர். 2001இல் வெளிவந்த அவர்கள் ஆய்வில், முதல் 96 மணி நேரத்தில் மதிப்பெண் ஏறியவர்களில் பாதிப்பேராவது இறந்தனர். மாறாமல் நின்றவர்களில் இறந்தது 27 முதல் 35 சதவீதம். இறங்கியவர்களில் 27 சதவீதத்துக்கும் குறைவு. தொடக்க எண் எதுவாக இருந்தாலும் இந்தப் போக்கு பொருந்தியது. அதனால்தான் ஐசியூவில் தினமும் ரத்தம் எடுக்கிறார்கள். 'நேற்று எடுத்தார்களே, இன்றைக்கும் எதற்கு?' என்ற வீட்டாரின் கேள்விக்குப் பதில், ஒரு நாளின் எண் திசையைக் காட்டாது என்பதுதான்.

ஆனாலும் சோஃபா தனிமனிதரின் தலையெழுத்து இல்லை. 100 பேரில் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்பதற்கான கணக்கு அது. இந்தப் படுக்கையில் இருப்பவர் அதில் எந்தப் பக்கம் என்று அதனால் சொல்லமுடியாது. வயது, ஏற்கெனவே இருந்த இதயநோய், சர்க்கரை, சத்துக்குறைவு எதுவும் அதில் சேராது. ஏற்கெனவே டயாலிசிஸில் இருப்பவரின் கிரியாட்டினினை வைத்துப் புதிய பழுதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

மாறிவந்த வரையறை

1992இல் வெளியான முதல் பொது வரையறை காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு வேகம், வெள்ளை அணு எண்ணிக்கை ஆகிய நான்கை மட்டும் பார்த்தது. சாதாரணச் சளிக்காய்ச்சலில்கூட இரண்டு பொருந்திவிடும் அளவுக்கு அது விசாலமாக இருந்தது. 2016 பிப்ரவரியில் வந்த மூன்றாவது வரையறை உறுப்புப் பழுதையே மையமாக வைத்தது: தொற்று இருந்து, சோஃபா மதிப்பெண் இரண்டோ அதற்கு மேலோ கூடினால் செப்சிஸ். அப்படிப்பட்டவர்களில் பத்தில் ஒருவராவது ஆஸ்பத்திரியில் இறக்கிறார். போதிய சலைன் ஏற்றியபிறகும் அழுத்தத்தைத் தாங்க நார்அட்ரீனலின் போன்ற மருந்து தேவைப்பட்டு, லாக்டேட் 2ஐத் தாண்டினால் அது செப்டிக் ஷாக். அங்கே மரணம் 40 சதவீதத்தைத் தாண்டுகிறது.

முதல் மணி நேரம்

சிகிச்சையின் அடிப்படை எளிமையானது: கிருமியைக் கொல்வது, சீழை வெளியேற்றுவது, உறுப்புகள் தாமாக எழும்வரை அவற்றைத் தாங்கிப் பிடிப்பது. பிளட் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்ததும் ஆன்டிபயாட்டிக் போகவேண்டும். ஷாக்கில் இருப்பவருக்கு அது ஒரு மணி நேரத்துக்குள். அழுத்தம் குறைந்த நிலையில் ஆன்டிபயாட்டிக் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உயிர் பிழைப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைவதாக 2006இல் ஆனந்த் குமார் குழு கண்டது. அடைபட்ட பித்தப்பையோ கல் அடைத்த சிறுநீரகமோ காரணமென்றால், அடைப்பை எடுக்காமல் எந்த மருந்தும் உதவாது.

2001இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இம்மானுவேல் ரிவர்ஸ் 263 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு இந்தத் துறையையே உலுக்கியது. முதல் ஆறு மணி நேரத்தில் அளவுகளைக் குறிவைத்துத் தீவிரமாகச் சிகிச்சை செய்தபோது மரணம் 46.5 சதவீதத்திலிருந்து 30.5 ஆகக் குறைந்தது. 2014, 2015 ஆண்டுகளில் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஆகிய இடங்களில் மூன்று பெரிய ஆய்வுகள் அதையே மீண்டும் சோதித்தபோது எந்த வித்தியாசமும் தெரியவில்லை. காரணம் சுவாரசியமானது. இடைப்பட்ட காலத்தில் சாதாரணச் சிகிச்சையே அந்தளவுக்கு முன்னேறிவிட்டிருந்தது.

பெரிய நம்பிக்கையோடு வந்து கைவிடப்பட்டவையும் உண்டு. 2001இல் அனுமதி பெற்ற ட்ரோட்ரெகோஜின் ஆல்ஃபா என்ற விலையுயர்ந்த மருந்து, மறு ஆய்வில் பயன் காட்டாததால் 2011 அக்டோபரில் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. நரம்பு வழி வைட்டமின் சி நன்மையைவிடத் தீமை செய்வதாக 2022இல் ஓர் ஆய்வு காட்டியது. நிலைத்து நின்றவை ஆடம்பரம் இல்லாதவை: சீக்கிரம் ஆன்டிபயாட்டிக், அளவறிந்து சலைன், வென்டிலேட்டரில் உடல் எடைக்கேற்ற சிறிய மூச்சு, தேவைக்கு மட்டும் மயக்க மருந்து, படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்கவைக்கும் செவிலியர் கவனிப்பு. சிறிய மூச்சு முறை மட்டுமே நுரையீரல் பழுதடைந்தவர்களின் மரணத்தை 39.8 சதவீதத்திலிருந்து 31 ஆகக் குறைத்ததை 2000இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது.

பணக்கார நாட்டு விதி எங்கும் பொருந்தாது என்பதற்கு ஆப்பிரிக்கா சாட்சி. ஜாம்பியாவில் 212 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், வேகமாக அதிக சலைன் ஏற்றப்பட்டவர்களில் 48.1 சதவீதமும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 33 சதவீதமும் இறந்தனர். வென்டிலேட்டரும் ஐசியூ படுக்கையும் குறைந்த இடத்தில், நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் மீட்க வழியில்லை. தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் வரும் இந்திய நோயாளிக்கும் இந்தப் பாடம் பொருந்தும்: ஏற்றும் சலைனைவிட, ஏற்றியபின் மூச்சைக் கவனிப்பது பெரிது.

உண்ணிக் காய்ச்சல் தந்த விடை

தமிழ்நாட்டில் எலிக்காய்ச்சலைப் போலவே பல உறுப்புகளைச் சாய்ப்பது உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைஃபஸ். புதர்களில் வாழும் நுண்ணிய பூச்சியின் இளம்புழு கடித்து வருவது; கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோன்ற கறுத்த பொருக்கு இருக்கும். அக்குளிலோ தொடையிடுக்கிலோ மறைந்திருக்கும் அந்தப் பொருக்கை நோயாளியின் உடையை விலக்கித் தேடினால்தான் காணமுடியும். கண்டுவிட்டால் நோய் பாதி தெரிந்துவிட்டது.

கடுமையான உண்ணிக் காய்ச்சலுக்கு எந்த மருந்து மேல் என்ற கேள்விக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் ஏழு மையங்கள் விடை தேடின. ஏறக்குறைய 800 நோயாளிகள் கலந்துகொண்ட அந்த ஆய்வு 2023இல் 'நியூ இங்கிலாந்து' மருத்துவ இதழில் வெளியானது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுத்தபோது மரணம், நீடித்த சிக்கல், தணியாத காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் 33 சதவீதம். டாக்ஸிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47, அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48. இரண்டும் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள பழைய மருந்துகள்.

மருந்துக்கு அடங்காத கிருமி

எல்லாக் கிருமியும் இப்படிப் பழைய மருந்துக்கு அடங்குவதில்லை. டெல்லியின் மூன்று ஆஸ்பத்திரிகளில் பச்சிளங் குழந்தைகளிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், செப்சிஸுக்குக் காரணமான கிருமிகளில் முன்னணியில் இருந்தவை அசினெட்டோபாக்டர், கிளெப்ஸியெல்லா, ஈ.கோலை. பல ஆன்டிபயாட்டிக்குகளை எதிர்த்து நிற்கும் ரகங்கள் அவற்றில் மிகுந்திருந்தன. ஐசியூவில் கத்தீட்டர், பெரிய சிரைக்குள் செருகும் குழாய், வென்டிலேட்டர் வழியாக வரும் தொற்றிலும் இதே கிருமிகள்தான். முதல் டோஸ் பலிக்காவிட்டால், கல்ச்சர் முடிவு வரும் இரண்டு மூன்று நாளில் சோஃபா எண் ஏறிவிடும்.

2012இல் அப்துல் கஃபூர் முன்னெடுப்பில் சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட 'சென்னைப் பிரகடனம்' ஆன்டிபயாட்டிக் விற்பனைக்குக் கட்டுப்பாடு கேட்டது. இந்திய மாநிலங்களில் இதற்கென முதலில் செயல்திட்டம் வகுத்தது கேரளம், 2018 அக்டோபரில். மருந்துச் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்பதைத் தடுக்க 2024 தொடக்கத்தில் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் கடைகளில் சோதனையும் தொடங்கியது. கொச்சியின் அமிர்தா மருத்துவமனை 2016இலேயே, கொடுக்கப்படும் ஆன்டிபயாட்டிக் சரியானதா, அளவும் நாட்களும் சரியா என்று மருத்துவர்களும் மருந்தியலாளர்களும் சேர்ந்து பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது.

பிழைப்பு கூடியிருக்கிறதா?

கூடியிருக்கிறது என்பதற்கு வலுவான சான்று ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் 171 ஐசியூக்களிலிருந்து வருகிறது. 2000 முதல் 2012 வரை கடும் செப்சிஸில் சேர்ந்த 1,01,064 பேரின் பதிவுகளைப் பார்த்தபோது, ஆஸ்பத்திரி மரணம் 35 சதவீதத்திலிருந்து 18.4 ஆக இறங்கியிருந்தது. இதற்குத் தனியாக எந்த அதிசய மருந்தும் காரணமில்லை. செப்சிஸ் இல்லாத ஐசியூ நோயாளிகளின் பிழைப்பும் அதேபோலக் கூடியிருந்தது. மொத்தக் கவனிப்பே மேம்பட்டதன் பலன் அது. உலக அளவிலும் 1990க்கும் 2017க்கும் இடையில் வயதுக்கேற்பச் சரிசெய்த செப்சிஸ் மரண விகிதம் பாதிக்கு மேல் குறைந்தது.

ஆனால் இந்த எண்களைக் கவனமாகத்தான் வாசிக்கவேண்டும். முன்பு பெயர் சூட்டப்படாத லேசான நோயாளிகளையும் செப்சிஸ் என்று பதியத் தொடங்கினால், ஒருவரும் கூடுதலாகப் பிழைக்காமலே மரண விகிதம் குறையும். அமெரிக்காவின் 409 ஆஸ்பத்திரிகளை 2009 முதல் 2014 வரை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட சானு ரீ குழுவினர் இதைக் காட்டினர். பில்லுக்காக எழுதப்படும் குறியீடுகளின்படி செப்சிஸ் ஆண்டுக்கு ஆண்டு வேகமாகப் பெருகிக்கொண்டே போனது. நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளின்படி பெருகவே இல்லை. ஆஸ்பத்திரியில் இறப்பவர்கள் குறைந்தனர். ஆனால் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டவர்களையும் சேர்த்து எண்ணினால் குறைவு காணாமல் போனது. இறப்பின் இடம்தான் மாறியிருந்தது.

இந்தியாவில் இந்தச் சிக்கல் வேறு வடிவில் உண்டு. செலவு தாங்காமலோ, 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று கேட்டுவிட்டோ, கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்துப்போகும் குடும்பங்கள் ஏராளம். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அவர் உயிரோடு போனவர். இரண்டு நாள் கழித்து வீட்டில் நேரும் மரணம் அந்தக் கணக்கில் வராது. எனவே பிழைத்தவர் எத்தனை பேர் என்ற கேள்வியோடு, எந்த நாளில் எண்ணினார்கள் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கவேண்டும்: ஐசியூவிலிருந்து வெளியே வந்த நாளா, டிஸ்சார்ஜ் ஆன நாளா, 28ஆம் நாளா, 90ஆம் நாளா, ஓராண்டா?

இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவர்கள் 2010, 2011 ஆண்டுகளில் நான்கு தனித்தனி நாட்களில் எடுத்த நாடு தழுவிய கணக்கெடுப்பு நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களை உள்ளடக்கியது. அவர்களில் கால்பங்குக்கு மேல் கடும் செப்சிஸோ செப்டிக் ஷாக்கோ கண்டிருந்தனர். புதிய வரையறையைக் கொண்டு 35 ஐசியூக்களில் நடந்து 2022இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஐசியூவில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு செப்சிஸ் இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆஸ்பத்திரியிலேயே இறந்தனர். இந்த இரண்டு ஆய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்தியாவில் செப்சிஸ் பெருகிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது, அளவுகோலே வேறு.

வீடு திரும்பிய பின்

செப்சிஸ் முடிவது டிஸ்சார்ஜ் சீட்டோடு இல்லை. ஐசியூவில் படுத்திருக்கும் பத்து நாளில் தொடையின் முன்தசை குறுக்குவெட்டுப் பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கரைந்துவிடுவதை லண்டனில் நடந்த ஆய்வு 2013இல் அளந்து காட்டியது. வீட்டுக்கு வந்தவர் கழிப்பறைக்கு எழுந்து போகச் சுவரைப் பிடிப்பது இதனால்தான். உணவு விழுங்குவதில் சிரமம், முடி கொட்டுதல், தூக்கமின்மை, ஐசியூவில் கண்ட மாயத்தோற்றங்களின் பயம், பெயர்கள் மறந்துபோவது எல்லாம் உண்டு. முதியவர்களிடம் மிதமானதும் கடுமையானதுமான அறிவுத்திறன் குறைபாடு, செப்சிஸுக்குப் பின் முன்பைவிடத் தெளிவாகக் கூடுவதை அமெரிக்காவில் தியடோர் இவாஷினா குழு 2010இல் நிறுவியது. கடும் செப்சிஸில் பிழைத்து வீடு திரும்பிய முதியவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் 90 நாளுக்குள் மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததாக 2015இல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது. அப்படிச் சேர்வதற்கு அடிக்கடி காரணமாவது மீண்டும் ஒரு தொற்று.

ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டில் நோயின் பெயரோடு, செப்சிஸ் வந்தது, எந்தக் கிருமி, எந்த ஆன்டிபயாட்டிக், கடைசிக் கிரியாட்டினின் எவ்வளவு ஆகியவை எழுதப்படுவது முக்கியம். முன்பு சாப்பிட்ட சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை அதே அளவில் தொடரலாமா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். சிறுநீரகம் முழுதும் தேறாதபோது பழைய அளவு ஆபத்தாகலாம். வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடக்கூடாது. நடைப் பயிற்சியும் புரதம் மிகுந்த உணவும் மாதக்கணக்கில் தேவைப்படும். கேரளத்தில் உள்ளாட்சி அமைப்புகள் வழியாகச் செவிலியர் வீட்டுக்கு வந்து படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கும் தணிப்புச் சிகிச்சை ஏற்பாடு உண்டு. எழமுடியாத நிலையில் வீடு திரும்பியவர்களுக்கு அது கைகொடுக்கும்.

முன்கூட்டியே அறிவது

தொற்றோ காய்ச்சலோ உள்ளவரிடம் சில மாற்றங்கள் தெரிந்தால் அடுத்த நாள் காலைவரை காத்திருக்கக்கூடாது. பேச்சில் குழப்பம் அல்லது ஓயாத தூக்கம், மூச்சு வாங்குதல், அரைநாளாகச் சிறுநீர் மிகக் குறைதல், கைகால் சில்லிட்டுத் தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறுதல், எழுந்தால் மயக்கம். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் வரலாம். பச்சிளங் குழந்தை பால் குடிக்க மறுப்பதும், துவண்டு கிடப்பதும், உடல் சில்லிடுவதும் அதே எச்சரிக்கை. ஆஸ்பத்திரியில் 'இது செப்சிஸாக இருக்குமா?' என்று வீட்டார் நேரடியாகக் கேட்பதில் தவறில்லை.

தடுப்பு இன்னும் மலிவு. 1847இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வெய்ஸ் மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கைகழுவச் சொன்னபோதே பிரசவக் காய்ச்சல் மரணங்கள் பன்மடங்கு சரிந்தன. கேரள மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2004 முதல் தாய்மார்களின் மரணங்களைப் பெயர் வெளியிடாமல் ஆராய்ந்து, எங்கே தவறியது என்று அறிக்கை வெளியிட்டுவருகிறது. செப்சிஸும் அதில் அலசப்படும் காரணங்களில் ஒன்று. ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பச்சிளங் குழந்தைகளிடம் நடந்து 2017இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வில், ஒரு வாரம் நல்ல பாக்டீரியாவைக் கொடுத்ததில் செப்சிஸோ மரணமோ 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்தது. நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகள், சர்க்கரை நோயாளி தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்வது, தேவை முடிந்த கத்தீட்டரை அன்றே எடுத்துவிடுவது எல்லாம் இந்த வரிசையில் வரும்.

உலக சுகாதார மாநாடு 2017 மேயில் செப்சிஸைத் தனிக் கவனத்துக்குரிய பிரச்சினையாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. 2012 முதல் செப்டம்பர் 13 உலக செப்சிஸ் தினமாக அனுசரிக்கப்படுகிறது. கொச்சியில் அது மழைக்காலம் இன்னும் முடியாத நேரம். கால்வாய் அள்ளுபவருக்கும் சாக்கடை நீரில் நடந்து வேலைக்குப் போனவருக்கும் கையுறையும் பூட்ஸும் டாக்ஸிசைக்ளினும், காய்ச்சல் வந்த முதல் இரண்டு நாளுக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பரிசோதனையும் கிடைத்துவிட்டால், அவர்களில் பலருக்குச் சோஃபா மதிப்பெண் போடவேண்டிய தேவையே வராது.